வளரும் முயலுக்குப் பயிர்க்கழிவு: புரதத்துக்கு முன்பு நாரைப் பார்க்க வேண்டும்

முயல் வளர்க்கத் தொடங்கிய முதல் ஆண்டில், தாயிடமிருந்து பிரித்த ஒரு தொகுதிக் குட்டிகளுக்கு நானே தீவனம் கலந்தேன். கோதுமைத் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் உடைத்த மக்காச்சோளமும் சேர்ந்த அந்தக் கலவையில் புரதம் 17 விழுக்காடு இருக்குமாறு கணக்கிட்டிருந்தேன். குட்டிகளும் விரும்பித் தின்றன, முதல் வாரம் எடையும் நன்றாகவே ஏறியது. இரண்டாவது வாரத்தில் அவை வயிறு உப்பி, பின்புறம் நனைந்து, தின்பதை நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக இறக்கத் தொடங்கின. பதினொரு குட்டிகளில் நான்கு மிஞ்சின. ஏதோ தொற்று என்று நினைத்துக் கூண்டுகளைக் கழுவினேன், தண்ணீரை மாற்றினேன். குற்றம் என் கலவையில் இருந்தது என்பது பல மாதங்களுக்குப் பிறகே எனக்குப் புரிந்தது: புரதத்தைக் கணக்கிட்ட நான் நாரைக் கணக்கிடவே இல்லை.

அந்த இழப்புக்குப் பிறகுதான் அறுவடையில் மிஞ்சும் கொடி, தோல், சக்கை, தவிடு ஆகியவற்றை நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். தீவனச் செலவைக் குறைக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு இவற்றைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் புரத விழுக்காட்டையும் விலையையும் மட்டுமே ஒப்பிடுகிறார்கள். முயல் வளர்ப்பின் மொத்தச் செலவில் தீவனம் பாதிக்கு மேல் விழுங்குவதால் அந்தத் தேடல் நியாயமானதுதான். ஆனால் வளரும் முயலைப் பொறுத்தவரை ஒரு கழிவுப் பொருளிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதில் எவ்வகை நார் எவ்வளவு இருக்கிறது என்பதே. புரதத்தை வேறு ஒன்றிலிருந்து பிறகு சேர்த்துக்கொள்ளலாம்; குடல் நின்றுபோன குட்டியை மீட்பது மிகவும் கடினம்.

இதை விளங்கிக்கொள்ள முயலின் குடலை அறிந்திருக்க வேண்டும். மாட்டைப் போல முயலுக்கு அசைபோடும் இரைப்பை இல்லை. தின்றது சிறுகுடலைக் கடந்த பிறகுதான் நுண்ணுயிர்களைச் சந்திக்கிறது. அவை வாழும் குருட்டுக்குடல், செரிமானப் பாதையின் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரியது. அதற்கு அடுத்துள்ள பெருங்குடல் ஒரு சல்லடையைப் போல வேலை செய்கிறது: கரடுமுரடான நார்த்துண்டுகளை விரைவாகக் கீழே தள்ளி உலர்ந்த உருண்டைகளாக வெளியேற்றுகிறது, நுண்ணிய துகள்களையும் நீரையும் மட்டும் திருப்பிக் குருட்டுக்குடலுக்கு அனுப்புகிறது. அங்கே நொதித்து, நுண்ணுயிர்ப் புரதமும் பி வகை வைட்டமின்களும் நிறைந்த மென்மையான எச்சமாக மாறுவதை முயல் தன் ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்து விழுங்கிவிடுகிறது. தான் உண்டதை இவ்வாறு இரண்டாவது முறை பயன்படுத்திக்கொள்வதால்தான் தரம் குறைந்த தழையிலும் அதனால் வாழ முடிகிறது.

ஆனால் இந்த ஏற்பாடு நாரைச் செரிப்பதற்காக அமைந்ததன்று. நாரை விரைவாக வெளியே தள்ளுவதற்காக அமைந்தது. குதிரைமசால் என்ற தீவனப் பயிரின் நாரில் 40 விழுக்காட்டுக்கு மேல் மாடு செரித்துவிடும்; முயல் செரிப்பது சுமார் 15 விழுக்காடுதான். அதே குதிரைமசாலின் புரதத்தையோ முயல் முக்கால் பங்கு வரை எடுத்துக்கொள்கிறது. ஆகவே தழையும் கொடியும் முயலுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கின்றன: இலையிலுள்ள புரதம் உடலில் சேர்கிறது, தண்டிலுள்ள நார் குடலை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. அந்த நகர்வு தளர்ந்தால் உணவு குருட்டுக்குடலில் தேங்கி, தீய நுண்ணுயிர்கள் பெருகி, அவற்றின் நச்சு குட்டியைக் கொல்கிறது. என் கூண்டுகளில் நடந்தது இதுவே.

நாரிலும் இரண்டு வகை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டபோது எனக்குப் பல குழப்பங்கள் தீர்ந்தன. தண்டை மரம்போல் இறுக்கும் லிக்னின் என்ற பொருள் ஏறிய கடின நார் ஏறக்குறைய செரிக்கப்படாமலே குடலை உந்திச் செல்கிறது. சூரியகாந்தி விதையின் மேலோடு, திராட்சைச் சக்கை, முற்றிய பயறுத் தண்டு ஆகியவற்றில் இது மிகுதி. பெக்டின் போன்ற மென்னார் குருட்டுக்குடலில் நன்றாக நொதித்து, முயலுக்கு ஆற்றலையும் நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவையும் தருகிறது. சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கின் சக்கை, எலுமிச்சை ஆரஞ்சு வகைகளின் உலர்ந்த சக்கை, ஆப்பிள் சக்கை ஆகியவை இந்த வகை. சோயாத் தோல் சற்று ஏமாற்றக்கூடியது: ஆய்வுத் தாளில் அதன் நார் 35 விழுக்காட்டுக்கு மேல் தெரியும், ஆனால் லிக்னின் மிகக் குறைவு என்பதால் அதை மட்டும் நம்பிக் கடின நாரின் கணக்கை முடித்துவிட முடியாது. ஒரு வகை மற்றொன்றின் இடத்தை நிரப்பாது; வளரும் குட்டிக்கு இரண்டும் வேண்டும். கடின நார் மிகுந்தால் குட்டி பிழைக்கும், ஆனால் எடை ஏறாது. திராட்சைச் சக்கையில் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்திருப்பதால் புரதச் செரிமானமும் குறையும்.

மாவுச்சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாயைப் பிரிந்த 28 முதல் 35 நாள் குட்டியின் கணையம் இன்னும் முதிர்ந்திருப்பதில்லை. மாவைச் செரிக்கும் நொதி போதுமான அளவில் சுரக்காது. சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய மாவு குருட்டுக்குடலுக்குப் போய்க் கட்டுக்கடங்காமல் நொதிக்கிறது. எனவே இந்த வயதில் தீவனத்தின் மாவுச்சத்து 14 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது பாதுகாப்பானது. நொய், குருணை, உடைந்த தானியம், ரொட்டித் துண்டு, கிழங்குத் துருவல் போன்றவற்றைக் கழிவுதானே என்று குட்டிகளுக்கு அள்ளிப் போடுவதைப் பலர் செய்கிறார்கள். எட்டு வாரத்தைத் தாண்டிய முயல் அதை ஓரளவு தாங்கும், ஐந்து வாரக் குட்டி தாங்காது. வயதைப் பாராமல் ஒரே கலவையை எல்லாக் கூண்டுக்கும் வைக்கும் பழக்கத்தை நான் முற்றிலும் கைவிட்டுவிட்டேன்.

என் அனுபவத்தில், எல்லாக் கழிவுகளிலும் வளரும் முயலுக்கு மிக நெருக்கமாகப் பொருந்துபவை பயறு வகைக் கொடிகளே. நிலக்கடலைக் கொடி, தட்டைப்பயறுக் கொடி, பட்டாணிக் கொடி ஆகியவற்றில் சுமார் 10 முதல் 15 விழுக்காடு புரதமும் 25 முதல் 30 விழுக்காடு நாரும் உள்ளன. சுண்ணாம்புச்சத்தும் தாராளமாக உண்டு. சர்க்கரைவள்ளிக் கொடியின் இலை இவற்றினும் உயர்ந்தது. உலர்நிலையில் அதன் புரதம் 20 விழுக்காட்டை நெருங்கும், முயல்கள் அதை வேறு எதையும் விட ஆவலோடு தின்னும். இவற்றில் செய்யக்கூடிய பெரிய தவறு உலர்த்தும் முறையில் இருக்கிறது. கடும் வெயிலில் மூன்று நாள் பரப்பிப் புரட்டினால் இலைகள் நொறுங்கி உதிர்ந்து, மிஞ்சுவது தண்டு மட்டுமே. புரதம் இலையோடு போய்விடும். நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, காலை ஈரம் சற்று இருக்கும்போதே கட்டி எடுத்து வைத்தால் இலை கொடியோடு நிற்கும். உதிர்ந்த இலைத்தூளை நான் கூட்டி அள்ளித் தனிப் பையில் சேர்க்கிறேன். கலவைத் தீவனத்துக்கு அதைப் போன்ற பொருள் கிடைப்பது அரிது.

கொடியை அப்படியே வைத்தால் முயல் இலையைத் தெரிந்து தின்று தண்டைக் கீழே தள்ளும். கூண்டில் போட்டது ஒரு கிலோ என்பதால் தின்றது ஒரு கிலோ ஆகிவிடாது. மிச்சத்தை எடை பார்க்காமல் தீவனக் கணக்கு எழுதுவதில் பொருளே இல்லை. முற்றிய கொடியில் பாதிக்குப் பாதி கூட மிஞ்சியதை நான் கண்டிருக்கிறேன்.

மக்காச்சோளக் கட்டையும் தானிய வைக்கோலும் நாரின் தேவையை மலிவாக நிறைவேற்றும்; புரதம் 3 அல்லது 4 விழுக்காட்டுக்கு மேல் இருக்காது என்பதால் 10 விழுக்காடு அளவில் அரைத்துச் சேர்த்தால் போதும். நெல் உமியை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் எடையில் 15 முதல் 20 விழுக்காடு சாம்பல், அதுவும் பெரும்பாலும் சிலிக்கா. முயலுக்கு அதில் எடுத்துக்கொள்ள எதுவுமில்லை. அரவையில் உமி கலந்த தவிட்டை நல்ல தவிடு என்று நம்பி வாங்கிவிடும் ஆபத்தும் உண்டு. ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டால் உமி மேலே மிதந்து காட்டிக் கொடுத்துவிடும்.

தவிடுகளில் கோதுமைத் தவிடு நம்பகமானது: புரதம் சுமார் 15, நார் சுமார் 10 விழுக்காடு. ஆனால் அதில் பாஸ்பரஸ் 1 விழுக்காட்டை ஒட்டியும், சுண்ணாம்புச்சத்து அதில் பத்தில் ஒரு பங்குமாக இருப்பதால், தவிடு மிகுந்த கலவைக்குச் சுண்ணாம்புத் தூள் சேர்க்காமல் விடக்கூடாது. அரிசித் தவிட்டில் வேறொரு சிக்கல் உண்டு. எண்ணெய் எடுக்காத தவிட்டில் கொழுப்பு 12 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். அரைத்த உடனேயே அதிலுள்ள நொதி கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கி, சூடான காலநிலையில் சில நாட்களிலேயே காறல் வாடை வந்துவிடும். அந்த வாடையை நாம் உணர்வதற்கு முன்பே முயல் உணர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புதிதாகக் கிடைத்தால் அந்த வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சேமிக்க வேண்டுமானால் எண்ணெய் நீக்கிய தவிட்டை வாங்குவதே சரி.

பிண்ணாக்குகளில் எனக்கு மிகுந்த அச்சம் தருவது கடலைப் பிண்ணாக்கு. சத்தில் அது சிறந்தது. புரதம் 40 விழுக்காட்டைத் தாண்டும். ஆனால் ஈரத்தில் கிடந்த கடலையில் வளரும் பூஞ்சையின் அஃப்லாடாக்சின் நச்சுக்கு மிக எளிதில் பலியாகும் விலங்குகளில் முயலும் ஒன்று. கோழியும் மாடும் தாங்கும் அளவு நச்சு முயலின் ஈரலைக் கெடுத்துவிடும். பூஞ்சையைத் தட்டிவிட்டு வெயிலில் காயவைப்பதால் நச்சு போகாது. சமைக்கும் வெப்பத்தையும் அது பெரும்பாலும் தாங்கிவிடும். சிறிது சந்தேகம் இருந்தாலும் அந்த மூட்டையை முயலுக்கு வைக்காதீர்கள். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் காசிபோல் என்ற நச்சுப்பொருள் உண்டு. குறைந்த அளவில் சிலர் பயன்படுத்துகிறார்கள், நான் தவிர்த்துவிட்டேன். எள்ளுப் பிண்ணாக்கும் சூரியகாந்திப் பிண்ணாக்கும் அச்சமின்றிச் சேர்க்கத்தக்கவை. சூரியகாந்தியில் மேலோடு நீக்காததாக இருந்தால் கடின நாரும் அதனோடு வந்துவிடும் என்பது முயலுக்குக் கூடுதல் நன்மை.

மரவள்ளியின் தோலும் இலையும் பெருமளவில் மிஞ்சுபவை. இலையில் உலர்நிலைப் புரதம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதைப் பார்த்துப் பச்சையாகவே வைத்துவிட ஆசை வரும். அதில் ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடும் சேர்மங்கள் உள்ளன. கசப்பு வகையில் மிக அதிகம். பொடியாக நறுக்கி, சில மணி நேரம் வாடவிட்டு, பிறகு நன்றாக வெயிலில் உலர்த்தினால் பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது. நறுக்குவது இங்கே வெறும் வசதிக்காக அன்று; திசு நொறுங்கினால்தான் நொதி வேலை செய்து நஞ்சு வெளியேறும். சூபாபுல் மரத்தின் தழையில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் அதை மட்டுமே தொடர்ந்து கொடுத்தால் உரோமம் உதிரும், வளர்ச்சியும் குன்றும். பச்சையேறிய உருளைக்கிழங்குத் தோல், தக்காளிச் செடியின் தழை, வெண்ணெய்ப்பழ மரத்தின் இலை ஆகியவை கூண்டுக்குள்ளேயே போகக்கூடாது. அதே தக்காளியின் சாறு பிழிந்த சக்கை, விதையோடு உலர்த்தினால், நல்ல புரதம் தரும் தீவனம். ஒரு செடியின் ஒரு பகுதி தீது என்பதால் மற்றொன்றையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மருந்து தெளித்த வயலின் கழிவு எதுவாயினும், தெளித்த நாளைக் கேட்டறியாமல் எடுப்பதில்லை என்பது நான் விடாமல் கடைப்பிடிக்கும் ஒழுங்கு.

ஈரமான சக்கைகளைப் பற்றி ஒரு கணக்கு. சாறு பிழிந்த பழச்சக்கையிலும் மதுவடித்த பார்லிச் சக்கையிலும் 75 முதல் 80 விழுக்காடு வரை தண்ணீர்தான். ஒன்றரைக் கிலோ எடையுள்ள வளரும் முயல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் உலர்பொருள் தின்னும் என்று கொண்டால், அதை முழுவதும் இந்தச் சக்கையிலிருந்து பெற அது அரைக் கிலோ தின்ன வேண்டியிருக்கும். அதன் வயிறு அவ்வளவு கொள்ளாது. பார்லிச் சக்கையின் உலர்நிலைப் புரதம் 25 விழுக்காட்டை ஒட்டியது என்பதைக் கேட்டு ஈரமாகவே வாங்கிச் சுமப்பவர் உண்மையில் தண்ணீரைச் சுமக்கிறார். இரண்டு மூன்று நாளில் புளித்துவிடுவதால், வந்த அன்றே மெல்லியதாகப் பரப்பி உலர்த்த வேண்டும். கைப்பிடியில் அழுத்தினால் ஒட்டாமல் உதிரும் நிலை போதாது; ஈரம் 12 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால்தான் மூட்டையில் பூஞ்சை பிடிக்காது. இதற்கு ஓர் எளிய வழியுண்டு: ஒரு சிறு அளவை நிறுத்துக்கொண்டு, எடை மேலும் குறையாத வரை அடுப்பின் மெல்லிய சூட்டில் வைத்து மறுபடி நிறுத்தால், குறைந்த எடைதான் மிஞ்சியிருந்த ஈரம். உலர்த்த இடமோ வெயிலோ இல்லாத காலத்தில் அந்தச் சக்கையை வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நல்லது.

இப்போது நான் கலக்கும் ஒரு கலவையைச் சொல்கிறேன். நூறு கிலோவுக்கு, இலையோடு உலர்த்திய நிலக்கடலைக் கொடி 40, கோதுமைத் தவிடு 40, சோதித்து வாங்கிய பிண்ணாக்கு 12, மக்காச்சோளம் 5, மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) 2, மீதி ஒரு கிலோவில் சுண்ணாம்புத் தூளும் உப்பும் பாதிக்குப் பாதி. கொடியின் புரதத்தை 11 என்றும் தவிட்டை 15 என்றும் பிண்ணாக்கை 42 என்றும் கொண்டால், கலவையின் புரதம் 16 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. நாரும் ஏறத்தாழ 16. வளரும் முயலுக்குச் சொல்லப்படும் 15 முதல் 17 என்ற புரத வரம்பிலும், 14 முதல் 16 என்ற நார் வரம்பின் மேல்முனையிலும் இது நிற்கிறது. மாவுச்சத்து 12ஐத் தாண்டாது. இதன் குறை, புரதத்தின் ஒரு கூறான லைசின் என்ற அமினோ அமிலத்தில் இருக்கிறது. வேகமாக வளரும் குட்டிக்குத் தீவனத்தில் 0.75 விழுக்காடு லைசின் வேண்டும். கடலையும் எள்ளும் அதில் ஏழைகள். தன் மென்னெச்சத்தை உண்பதால் முயலுக்குச் சிறிது லைசின் கிடைத்தாலும் வளரும் பருவத்தில் அது போதுவதில்லை. பிண்ணாக்கில் பாதியைச் சோயாவாக மாற்றிய தொகுதிகளில் எடை கூடியதை என் குறிப்பேட்டில் தெளிவாகக் காண்கிறேன்.

கலவை சரியாக இருந்தும் வடிவத்தில் கோட்டைவிடலாம். தூளாக அரைத்த தீவனம் மூக்கில் ஏறித் தும்மலையும் மூச்சுக் கோளாற்றையும் தரும், பாதி கூண்டுக்கடியில் சிந்தும். மிக நுண்ணியதாக அரைத்தால் கரடான நார் என்ற பயனே அழிந்து, துகள்கள் குருட்டுக்குடலில் தங்கும் நேரம் கூடிவிடும். சுமார் 3 முதல் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள குச்சித் தீவனமாக அழுத்த முடிந்தால் சிறப்பு. கருவி இல்லாதவர் மொலாசஸ் கரைத்த நீரைத் தெளித்துத் தூளை அடக்கி, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, மிச்சத்தை மாலையில் எடுத்துவிட வேண்டும். உலர்ந்த கழிவைத் தின்னும் முயல், தின்ற தீவனத்தின் எடையைப் போல இரு மடங்கு தண்ணீர் குடிக்கும். தண்ணீர் தடைப்பட்டால் தீவனத்தையும் நிறுத்திவிடும்.

எதையும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. பழைய தீவனத்தில் நாளுக்குச் சிறிதாகக் கலந்து பத்து நாளில் முழுமையாக்குகிறேன். தாயைப் பிரித்த முதல் இரண்டு வாரம் எந்தப் புதிய பொருளையும் அறிமுகப்படுத்துவதே இல்லை. பிரிவதற்கு முன்பே தாயின் தொட்டியில் குட்டிகள் கொறித்துப் பழகிய கலவையைத்தான் பிரிந்த பிறகும் தொடர்கிறேன்.

இந்த முறையில் வளர்ச்சி மெதுவாக இருக்கும் என்பதை மறைக்கக்கூடாது. உயர்தரக் குச்சித் தீவனத்தில் நாளுக்கு 35 முதல் 40 கிராம் ஏறும் இனம், கழிவு மிகுந்த தீவனத்தில் 20 முதல் 25 கிராம்தான் ஏறுகிறது. இரண்டு கிலோவை எட்டச் சில வாரங்கள் கூடுதலாக ஆகின்றன. நார் மிகுந்த குடல் கனமாக இருப்பதால், உயிரெடையில் இறைச்சி விழுக்காடும் சற்றுக் குறைகிறது. ஆகவே ஒரு கிலோ தீவனத்தின் விலையை ஒப்பிட்டு முடிவு செய்வது தவறு. ஒரு கிலோ எடை ஏறத் தின்ற தீவனத்தின் மொத்தச் செலவையும், அந்தத் தொகுதியில் இறந்தவற்றையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தும் என் கணக்கில் கொடி சார்ந்த கலவையே முன்னே நிற்கிறது, முதன்மையாக இறப்பு குறைந்ததால்.

ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமையில், காலைத் தீவனத்துக்கு முன்பு, ஒவ்வொரு குட்டியையும் நிறுக்கிறேன். எடையோடு கூண்டுக்கடியில் விழுந்த உருண்டைகளையும் பார்த்து எழுதுகிறேன்: பெரிதாக, உலர்ந்து, உடைத்தால் நார் தெரிவதாக இருந்தால் கலவை சரி, சிறுத்தோ, கருத்து ஒட்டுவதாகவோ மாறினால் அன்றே தவிட்டையும் பிண்ணாக்கையும் நிறுத்தி, இரண்டு நாளைக்கு உலர்ந்த கொடியும் தண்ணீரும் மட்டும் வைக்கிறேன். இப்போது கூண்டில் இருக்கும் தொகுதி ஏழாவது வாரத்தில் இருக்கிறது. ஒன்பது குட்டிகளைப் பிரித்தேன்; ஒன்பதும் இருக்கின்றன. அடுத்த தொகுதிக்குப் பட்டாணித் தோலைச் சோதிக்க எண்ணி, பத்துக் கிலோவை நிழலில் பரப்பியிருக்கிறேன். உலர்ந்த பின் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை நிறுத்துப் பார்த்த பிறகே கலவையில் அதற்கு இடம் ஒதுக்குவேன்.